விளையும் குருதி யாருக்கு?

தாம் ஈயும் குருதிக்கு நம் மக்கள் விலை கேட்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் பிழைக்கட்டும் என்ற எண்ணத்துடனேயே கை நீட்டுகின்றனர். இந்தக் கொடைப் பண்பின்மீது எழுந்த விஞ்ஞானம் ஒன்று இன்று விலைச்சீட்டுடன் நம்முன் வந்து நிற்கின்றது. குருதி மூலக்கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து நோயாளிக்கு ஏற்றும் முயற்சியையே குறிப்பிடுகின்றோம். அம்முயற்சியை நாம் மனமார வரவேற்கின்றோம். அதனைச் சிலரின் தனியுடைமையாக்குவதை எதிர்க்கின்றோம்.

என்பு மச்சையில் உறையும் மூலக்கலங்களே நமது குருதி முழுவதற்கும் ஊற்று. அத்தகைய கலம் உண்டென்பதை 1961 இல் ரொறன்ரோ விஞ்ஞானிகளான ரில், மக்கலொக் இருவரும் எலிகளில் ஆராய்ந்து காட்டினர். மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு வழி திறந்த டொனல் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். ஆயின், கொடுப்பவரின் மச்சை பெறுபவருக்குப் பொருந்தவேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 4 இல் 1 மாத்திரமே. அயலாரிடம் தேடினாலோ, அமெரிக்கக் கொடையாளர் பதிவேட்டின் கணக்கிலே வெள்ளையருக்கு நூற்றுக்கு 79 ஆக உள்ள வாய்ப்பு, கறுப்பின மக்களுக்கு 29 ஆகச் சுருங்குகின்றது. அப்படியாயின், கலங்களை வளர்க்கும் வித்தை எவருக்கு மிகத் தேவை? பதிவேட்டில் தேடியும் கொடையாளரைக் காணாத மக்களுக்கே.

வித்தை எளிதன்று. உடலை விட்டு வெளியே வந்த மூலக்கலம் விரைவில் தன் இயல்பை இழந்துவிடும். 2019 இல் ஸ்ரான்போட், ரோக்கியோ ஆராய்ச்சியாளர், வளர்ப்பூடகத்திலிருந்த அல்புமினை நீக்கி, பசையிலே சேரும் பொலிவைனைல் அற்ககோல் என்ற மலிவான பொருளை இட்டனர். எலியின் மூலக்கலங்கள் பன்னூறு மடங்கு பெருகின. 2024 இல் மெல்பேண் ஆராய்ச்சியாளர், தொடக்கநிலைக்குத் திருப்பிய மனித உடற்கலங்களிலிருந்து குருதி மூலக்கலங்களை ஆக்கினர்; அவை எலிகளின் மச்சையில் வேரூன்றின. இவை எலிகளிற் கண்ட வெற்றிகள். இவற்றைக் காட்டி இன்றே நோய் தீர்ப்போமென விளம்பரஞ் செய்வோரை மக்கள் நம்பலாகாது.

மனிதருக்கென அனுமதி பெற்ற வளர்ப்புக் குருதியும் உண்டு. 2023 ஏப்பிரலில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஒமிடுபிசெல், தாய்மார் கொடையாக அளித்த தொப்புட்கொடிக் குருதியை ஆய்வுகூடத்திலே பெருக்கி ஆக்கப்படுவது. அதற்கு உதவும் நிக்கொற்றினமைட்டு ஒரு விற்றமின். குருதிப் புற்றுநோயாளருக்கு மாற்றுச் சிகிச்சையின் பின் நேரும் தொற்றுகளை அது குறைக்கின்றது. இதனை நாம் மறுக்கவில்லை. அதற்கு அறிவிக்கப்பட்ட விலையோ 338,000 டொலர்!

செலவு மிகுதி என்பர். மாசற்ற கூடமும் தேர்ந்த ஊழியரும் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும். மெய்தான். அச்செலவைக் கணக்கோடு காட்டட்டும். நியாயமான ஊதியமும் சேர்த்துச் சமுதாயம் கொடுக்கட்டும். கணக்குக் காட்டாது, உயிராசையை அளவுகோலாகக் கொண்டு விலை குறிப்பதை எந்த நீதி ஏற்கும்?

விஞ்ஞானிகளின் நல்லெண்ணமே நம்மைக் காக்கும் என்று நம்புவாரும் உளர். 1923 இல் இன்சுலினைக் கண்டோர் தமது காப்புரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டொலருக்கே கொடுத்தனர். நூறாண்டு நிறையுமுன்னரே, விலைக்கு அஞ்சி இன்சுலினைக் குறைத்துக் குறைத்து ஏற்றிக்கொள்ளும் நிலை அமெரிக்க ஏழைகளுக்கு வந்துவிட்டது. தருமத்துக்கும் சட்டம் என்னும் வேலி வேண்டும் என்பதே இதன் பாடம்.

இப்பாடம் இலங்கைக்குப் புதிதன்று. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூலம், வணிகப் பெயர்களை ஒதுக்கி அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்தால் மருந்தின் விலை இறங்கும் என்று பேராசிரியர் சேனக பிபிலே காட்டினார். பிறர் தரும் குருதியால் மாதந்தோறும் உயிர் தரிக்கும் தலசீமியாப் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்காக நாம் கேட்கின்றோம்: பொதுப்பணத்தாற் கண்ட வளர்ப்பு முறைகள் பொதுவில் இருக்கட்டும். கொடைக் குருதியால் ஆன மருந்தின் செலவுக் கணக்கு வெளிவரட்டும். வறிய நாடுகள் ஒன்றுகூடித் தமக்கென ஆய்வுகூடம் அமைக்கட்டும்.

கொடுத்தவள் கேளாத விலையை வளர்த்தவன் கேட்பதை நாம் ஒருபோதும் ஏற்கோம்.