தகரத்தில் ஏறிய பூசணி

மொட்டைமாடித் தோட்டம் போடச் சொல்லும் யோசனைகள் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பொருந்தா. அங்கே மாடி ஏது? ஒரு கன அடி ஈரமண்ணே 40 கிலோவுக்கு மேல். தகரக் கூரை தாங்குமா? ஆனாலும் பூசணியும் சௌசௌவும் கூரையேறத்தான் செய்கின்றன. வேர் தரையில், காய் தகரத்தில். இஸ்தோப்பு ஓரத்தில் பழைய உரப்பைகள்: அடியில் துளையிட்டு, சிறுகல் பரப்பி, மண்ணும் மாட்டுச்சாணமும் கலந்து நிரப்பி, கொச்சிக்காய்க் கன்று வைத்திருப்பார்கள். கைத்திறனுக்குக் குறைவே இல்லை. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தர அமைச்சரவை முடிவெடுத்தது. கொழுந்து பறிப்பவருக்கு அந்த விடுமுறையும் கிடைக்கவில்லை, சொந்த நிலமும் கிடையாது. குடியிருக்கும் லயத்துக்கும் உத்தரவாதம் இல்லை: 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களையே மண்சரிவு மூடியது. அதற்குப் பின் வந்த தனிவீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சுவதில் தினக்கறிக்குக் கீரையும் காயும் தாராளமாக விளையும். ஆனால் இன்னும் எத்தனையோ பேர் லயத்தில்தான். விதைப் பொட்டலம் நீட்டும் அதிகாரிகளே, முதலில் காணி உறுதியைக் கொடுங்கள்.