கோடு அச்சை வெட்டும் இடம்

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் கணக்கு நோட்டுடன் என்னிடம் வந்தார்.

"ஒரு நேர்க்கோட்டின் வெட்டுத்துண்டுகளை எப்படிக் காண்பது, தம்பி?" என்று கேட்டேன்.

"ஒய்க்குச் சுழி போட்டால் எக்ஸ் வெட்டுத்துண்டு. எக்ஸுக்குச் சுழி போட்டால் ஒய் வெட்டுத்துண்டு, சார்!"

"ஏன் சுழி போட வேண்டும்?"

பதில் வரவில்லை.

காரணம் எளியது. எக்ஸ் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் ஒய் மதிப்பு சுழிதான். ஒய் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் மதிப்பு சுழிதான். இதை அறியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

அழுத்தம் மாறாமல் காற்றைச் சூடாக்கிக் கனஅளவை அளக்கிறோம். 30 டிகிரி செல்சியஸில் 303 கன சென்டிமீட்டர், 60 டிகிரியில் 333 என்று வைத்துக்கொள்வோம். கனஅளவு 'க', வெப்பநிலை 'வ' எனில், க = வ + 273. வரைபடத்தாளில் இடம் போதாதென்று வெப்பநிலை அச்சை 30இலிருந்து தொடங்குகிறார் மாணவர். கோடு இடது ஓரத்தை 303இல் வெட்டுகிறது. அதையே வெட்டுத்துண்டு என்று எழுதிவிடுகிறார்! அந்த ஓரத்தில் வெப்பநிலை சுழி அன்று, 30 அன்றோ? சரியான விடை 273. கருவடிக்குப்பத்தில் மார்கழி விடியலிலும் 0 டிகிரி வராது. ஆயினும் அந்தக் குளிரில் காற்றின் கனஅளவு என்ன என்பதைக் கோடு சொல்லிவிடுகிறது.

இன்னொரு வெட்டுத்துண்டு இன்னும் வியப்பானது. க = 0 எனில் வ = −273. வாயுக்களின் இந்த விதியை 1787இல் ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் சார்லஸ். 1802இல் அதை வெளியிட்டவர் கே-லுசாக். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1848இல் தனிவெப்பநிலை அளவை முன்மொழிந்தார். அதன் சுழி இன்று −273.15 டிகிரி செல்சியஸ். இதைவிடக் குறைந்த வெப்பநிலை இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. காற்றின் கனஅளவு ஒருபோதும் சுழி ஆவதில்லை. ஏறத்தாழ −190 டிகிரிக்குக் கீழே அது திரவமாகிவிடும். அதற்கு முன்பே நம் கோடு பொருந்தாமல் போகும். கோட்டை நீட்டலாம், எதுவரை நம்பலாம் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

எனவே என் கருத்து இதுதான்: தேர்வில் வெட்டுத்துண்டைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும், "அதன் பொருள் என்ன?" என்று இன்னொரு வரியும் சேர வேண்டும். அந்த வரி வரும்வரை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றே தொடங்கலாம். ஃபாரன்ஹீட் அளவு = 1.8 × செல்சியஸ் அளவு + 32. இந்தக் கோட்டின் இரு வெட்டுத்துண்டுகள் எவை? அவை எதைக் குறிக்கின்றன? அச்சுகள் சுழியில் வெட்டிக்கொள்ளுமாறு வரைய மறவாதீர்கள்!