உயிர் போகிற நேரத்தில் மலையாள வகுப்பா?

2023 அக்டோபர் 31. அன்றைக்கு நான் லீவு. ஆரியசாலையில் மளிகைக்கடை வாசலில் நிற்கிறேன். திடீரென்று என் போன், கடைக்காரர் போன், ரோட்டில் போகிறவர் போன் எல்லாம் ஒன்றாக அலறின. பக்கத்து வீட்டு ஆச்சி போனும் கையுமாக ஓடி வந்தார்.

"சாரே, இது எதுக்கு இப்படிக் கத்துது? என்னமோ எழுதியிருக்கே, வாசிச்சுச் சொல்லுங்க."

பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் போன்களில் வந்தது இங்கிலீஷும் மலையாளமும். ஆச்சி நாற்பது வருஷமாக சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசுகிறவர். பேச்சில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. வாசிக்கத் தெரிந்ததோ தமிழ் மட்டும்.

"இத்தனை வருஷமா இருக்கீங்க, மலையாளம் படிக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கலாம், நல்லதுதான். ஆனால் வெள்ளம் வாசலுக்கு வரும்போதா அந்தப் பாடம்? ஐந்நூறு ரூபாய் கொடுக்கிற ஏடிஎம் கூட 'எந்த மொழி?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறது. பணத்துக்கு இருக்கிற மரியாதை உயிருக்கு வேண்டாமா?

தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது. எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போகும். இது அப்படியில்லை, டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே வீச்சில் அனுப்பிவிடும். நெட்வொர்க் நெரிசலிலும் வந்து சேரும். மத்திய அரசின் சி-டாட் உருவாக்கிய இந்த அமைப்பில் இந்திய மொழிகளிலும் அனுப்ப முடியும். ஆக, தேவைப்படுவது மனசு மட்டும்தான்.

மூணாறு பக்கம் பெட்டிமுடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலும் தமிழர்கள், பல குடும்பங்களுக்குக் கயத்தாறு பக்கம்தான் பூர்வீகம். அன்று கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. டவர் செத்துக் கிடந்தால் எந்த மொழியில் அனுப்பியும் பிரயோஜனமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் மலையில் டவர்களுக்கு பேட்டரியும் வேண்டும், லயத்துக் கதவைத் தட்ட ஆளும் வேண்டும். அதையெல்லாம் செய்து முடித்த பிறகு, வருகிற செய்தி புரியாமல் போனால்?

இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களுக்கு அனுப்பும் எச்சரிக்கையில் தமிழில் ஒரே ஒரு வரி. 'மேட்டுக்குப் போ' என்றால் கூடப் போதும். இது சலுகை இல்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுக்கிறது. நாம் எழுதினால் அவர்கள் வாசிக்க வேண்டும் என்றால், அவர்கள் எழுதுவதை நாம் வாசிக்க வேண்டாமா?

அதனால் நண்பர்களே, கலெக்டருக்கு ஒரு மனு போடுங்கள். தமிழிலேயே போடுங்கள். அதுவரை உங்கள் வீட்டு ஆச்சிக்கு அந்தச் சத்தம் என்னவென்று சொல்லி வையுங்கள். அடுத்த முறை அது சோதனையாக இருக்கும் என்பதற்கு எந்த கேரண்டியும் கிடையாது.