தூக்கிய தாருக்குப் புதுக் கை வேண்டுமா?

தார் ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு, அடுத்து எந்த கன்ட்ரோல் ஆர்ம் வாங்கலாம் என்று கேட்கிறான் என் பேரன். வாங்கவே கூடாது என்று சொல்லும் தாத்தா அல்ல நான். எதற்குப் பிறகு எது என்ற வரிசை முக்கியம், அவ்வளவுதான்.

சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை அது. நான் படித்த பிரெஞ்சில் அதை 'த்ரியாங்ள்', அதாவது முக்கோணம் என்போம். 2020-இல் வந்த தாரில் முன்பக்கச் சக்கரத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள். வண்டியைத் தூக்கினால் அவை கீழ்நோக்கிச் சாயும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மேல் கையின் பால் ஜாயின்ட் அதன் எல்லையை நெருங்கும். காஸ்டர் கோணம் குறைந்தால், வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பத் தயங்கும்.

ஆகவே முதலில் அலைன்மென்ட் பார்த்து, அளவுத் தாளைக் கையில் வாங்குங்கள். கோணங்கள் கம்பெனி வரம்புக்குள் நின்று, பால் ஜாயின்டும் இடிக்காவிட்டால் பழைய கையே போதும். இல்லாவிட்டால் கோணம் திருத்தக்கூடிய மேல் கை வாங்கலாம். அதிலும் ரப்பர் புஷ் உள்ளதையே. உருண்டை மூட்டு நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் தூசியில் தேயும், சத்தத்தை உள்ளே அனுப்பும். புதுச்சேரி உப்புக் காற்றும் அதற்கு ஆகாது.

குமாஸ்தா புத்தி இன்னொன்றும் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.