பத்திரம் எழுதுகிறவரும் பத்திரம் பார்க்கிறவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. இடமோ வீடோ வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவன் துபாயிலிருந்து பேசினான். காரியாபட்டி போகிற வழியில் ஒரு மனை பார்த்திருக்கிறானாம். "வக்கீல் யாருப்பா?" என்று கேட்டேன். "வக்கீல் எதுக்கு சார்? புரோக்கர் அண்ணனுக்குத் தெரிஞ்ச பத்திர எழுத்தர் இருக்காரு. எல்லாம் அவங்களே பாத்துருவாங்க. நான் லீவுல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. 1996-இல் இதே வார்த்தைகளை என்னிடமும் ஒருவர் சொன்னார்.

அப்போது நான் வாங்கியது ஊரை ஒட்டி ஐந்து சென்ட். அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்றார்கள். அவர்கள் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய இடம். பட்டா அந்த இருவர் பெயரில் இருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பத்திர நகலை என்னிடம் காட்டினார்கள். தமிழாசிரியன் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழைகளையெல்லாம் திருத்திக் கொடுத்தேன். கிரையம் முடிந்தது.

எட்டு மாதம் கழித்து அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து வேலியோரம் நின்றார். திருச்சுழிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர். சத்தம் போடவில்லை. "சார், நானும் எங்க அப்பாவுக்குப் பிள்ளைதான. எங்கிட்ட ஒரு கையெழுத்துக்கூட வாங்கலையே" என்றார். அவர் மகன் என் வகுப்பில்தான் படித்தான்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. தாயார் முன்பே காலமாகிவிட்டார். ஆக, மூன்றில் ஒரு பங்கு அந்த அம்மாவுக்கு. நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவர் பங்குக்குத் தனியாகப் பணம் கொடுத்து இன்னொரு கிரையப் பத்திரம் எழுதிக்கொண்டேன். அதற்கு உங்கள் டீச்சரம்மாவின் வளையல்கள் போயின. வீடு கட்டுவது மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. விற்ற அண்ணன் தம்பிகள் என்னைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். பத்திரம் எழுதியவரோ, "சார், நீங்க சொன்னதைத்தான் நான் எழுதினேன்" என்று முடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது யோசித்தால் அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

பத்திர எழுத்தர் அரசு உரிமம் பெற்று ஆவணம் எழுதுகிறவர். அதற்கு 1982-இல் போட்ட விதிகளே இருக்கின்றன. நல்ல எழுத்தர்கள் நிறையப் பேர் உண்டு, அனுபவத்தில் சில வக்கீல்களையே தூக்கிச் சாப்பிடுவார்கள். ஆனாலும் விற்கிறவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று உங்களுக்காகத் துருவிப் பார்ப்பது அவர் வேலையில் சேராது.

சார்பதிவாளர் பார்ப்பார் என்று நினைக்கிறீர்களா? மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எழுதிக் கொடுக்கிறவருக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்த விதி வேண்டுமா வேண்டாமா என்பதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, முத்திரை குத்திவிட்டதாலேயே சொத்து நம்முடையது ஆகிவிடாது என்பதுதான். பட்டாவும் அப்படியே. அது வருவாய்த்துறைக் கணக்கு, அதை மட்டும் வைத்து உரிமை வந்துவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அதில் வராது. பதிவு செய்யாத உயிலும் வராது.

நம் கரிசல் காட்டில் இது இன்னும் சிக்கல். மானாவாரிப் புஞ்சையைப் பங்காளிகள் வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக உழுதிருப்பார்கள். பழைய பத்திரத்தில் இராமநாதபுரம் ஜில்லா என்று இருக்கும். விருதுநகர் தனி மாவட்டமானதே 1985-இல்தான். பழைய சர்வே எண் ஒன்று, இப்போதைய எண் வேறொன்று. பஞ்சமி நிலம், பூதான நிலம், கோயில் நிலம் என்று தொடக்கூடாத இடங்களும் நடுவில் கிடக்கும். கருவேலத்தை வெட்டி, வெள்ளையடித்த கல்லை ஊன்றி, கொடி கட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் சொல்கிறேன், உங்களுக்கென்று ஒரு வக்கீலை நீங்களே பாருங்கள். புரோக்கர் காட்டுகிறவர் வேண்டாம், விற்கிறவரின் வக்கீலும் வேண்டாம். லண்டனில் வீடு வாங்கிய என் மாணவி சொன்னாள், அங்கே வாங்குகிறவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்கிறவருக்கு வேறொருவர் என்பதுதான் வழக்கமாம். இங்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஆள், அவரும் புரோக்கரின் ஆள்! பதிவு நடந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அப்படிப்பட்டவரிடம் போய் "இந்த இடத்தை வாங்கலாமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சமீபத்தில் இடம் வாங்கியவர்களைக் கேளுங்கள். சிவில் வழக்கு நடத்துகிறவரா என்று பாருங்கள். பங்குச் சண்டை எங்கே முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஃபீஸை முன்னாலேயே பேசிவிடுங்கள். வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதே ஃபீஸ் என்று சொல்லிவிடுங்கள். கருத்துரையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். ஜெராக்ஸைப் புரட்டிவிட்டுப் பத்தே நிமிடத்தில் "நல்ல இடம், வாங்குங்க" என்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அசல் எங்கே, வாரிசுச் சான்று எங்கே, அக்கா தங்கச்சி எத்தனை பேர் என்று கேட்டு நச்சரிக்கிறவரை விடாதீர்கள். பேங்க் லோன் போட்டால் பேங்க் வக்கீல் பார்ப்பாரே என்பார்கள். பார்ப்பார், நல்லதுதான். ஆனால் அவர் பேங்க்குக்காகப் பார்க்கிறார்.

செலவைக் கணக்குப் போடுங்கள். பத்து லட்சம் ரூபாய்க் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000 ரூபாய். அதை முணுமுணுக்காமல் கட்டுகிறோம். வக்கீலுக்குச் சில ஆயிரம் என்றால் மட்டும் கை வரமாட்டேன் என்கிறது.

அந்தத் தம்பி நேற்று மறுபடியும் பேசினான். அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் நகல்களைக் கொடுத்திருக்கிறான். அவர் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கேட்டிருக்கிறார். புரோக்கருக்குக் கோபம் வந்துவிட்டதாம். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு, ரெண்டு நாள்ல சொல்லு" என்கிறாராம்.

"அட்வான்ஸ் குடுத்துட்டியாப்பா?" என்றேன்.

"இன்னும் இல்ல சார்."

"அப்ப நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.