ஸ்டாக்கின் முடிவில் ஓர் எண் போதாது

லினக்ஸ் கர்னலில் ஸ்டாக் நிரம்பி வழிந்தால் தானாகவே தெரிந்துவிடும், அதற்கான சோதனைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்ற பேச்சு பொறியாளர்களிடையே பரவலாக இருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை.

முதலில் ஸ்டாக் கேனரியைச் சொல்வார்கள். அதன் வேலை வேறு. ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் அரே எல்லை மீறித் திரும்பு முகவரியை நோக்கிப் போனால் கேனரி காட்டிக்கொடுக்கும். ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்து ஸ்டாக்கே தீர்ந்துபோனால், கெடுவது அடுத்திருக்கும் நினைவகம். கேனரிக்கு அது தெரியாது.

அடுத்து, ஸ்டாக்கின் கடைசியில் எழுதிவைக்கும் மேஜிக் எண். அது கலைந்திருக்கிறதா என்று ஷெட்யூலர் பார்க்கும் வசதி 2014-இல் 3.18 பதிப்பில் வந்தது. ஆனால் ஷெட்யூலர் ஓடுவதற்குள் நாசம் முடிந்திருக்கும். பெரிய அரே ஒன்று அந்த இடத்தில் எதுவும் எழுதாமல் தாண்டிப் போனால் எண்ணும் கலையாது. 2016-இல் பாதுகாப்பு ஆய்வாளர் யான் ஹார்ன் இன்னும் மோசமான ஒன்றைக் காட்டினார். எண் கலைந்ததைக் கண்ட கர்னல், அந்தப் ப்ராசஸை முடிக்கப் போகும். முடிக்க மறுபடி ஷெட்யூலரை அழைக்கும். அங்கே மறுபடி அதே சோதனை, அதே பிழை. வழிவதைக் கண்டுபிடிப்பதற்கென்று வைத்த சோதனையே இப்படிச் சுழன்று சுழன்று ஸ்டாக்குக்குக் கீழே உள்ளதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது! உடனே பேனிக் ஆகி நிற்கும்படி அவர் அதைத் திருத்தினார்.

ஸ்டாக்கைப் பெரிதாக்கலாமே என்பார்கள். எக்ஸ்86-64-இல் 3.15 பதிப்பு அதை 8 கேபியிலிருந்து 16 கேபி ஆக்கியது. எல்லையற்ற ரிகர்ஷனுக்கு 16 என்ன, 64 என்ன?

சரியான தடுப்பு, ஆண்டி லூட்டோமிர்ஸ்கி எழுதி 2016 டிசம்பரில் 4.9 பதிப்போடு வந்த விமேப் ஸ்டாக். ஸ்டாக்கை ஒட்டி, எதனோடும் இணைக்கப்படாத ஒரு காவல் பக்கம் இருக்கும். அதைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட்; அதைக் கையாளவும் ஸ்டாக்கில் இடமில்லாததால் டபுள் ஃபால்ட். அதற்குத் தனி ஸ்டாக் உண்டு. அந்தத் தவறான இடத்தில் எழுதுவது நடக்கவே நடக்காது. வேகம் குறையும் என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது: விடுவிக்கப்பட்ட ஸ்டாக்குகளில் சிலவற்றை ஒவ்வொரு சிபியுவும் வைத்திருந்து மறுபடி பயன்படுத்துகிறது.

காவல் பக்கத்தையும் ஒரு பெரிய அரே தாண்டிவிடலாம் என்பது உண்மைதான். நீளம் மாறும் அரேக்களை 4.20 பதிப்புக்குள் கர்னலிலிருந்து நீக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கருவிக்குக் கர்னல் கட்டும்போது விமேப் ஸ்டாக்கை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். அணைத்திருந்தால் இயக்குங்கள்.