வீட்டுக்குள் சாகுபடி: விளக்கு வெளிச்சம் கட்டுப்படியாகுமா?

பழையசீவரத்தில் பங்குனி வெயிலில் வரப்பில் நிற்பவருக்கு, பயிருக்கு விளக்கு போடுவது என்ற பேச்சே வேடிக்கையாகத் தோன்றும். ஆனால், மூடிய அறையில் அடுக்கடுக்காகத் தட்டுகள் அமைத்து, எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் கீரையும் காய்கறியும் வளர்க்கும் முறை இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. கடன் வாங்கி இதில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் மின்சாரக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவு சூரிய சக்தி விழுகிறது. அதில் ஏறக்குறையப் பாதிதான் பயிர் பயன்படுத்தக்கூடிய ஒளி. எல்.இ.டி. விளக்கோ, வாங்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று கூடுதலாகவே ஒளியாக்குகிறது, மற்றது சூடாகிறது. (பழைய குண்டு பல்பு பத்தில் ஒரு பங்குகூடத் தருவதில்லை.) எனவே, வெயிலுக்கு ஈடான வெளிச்சம் வேண்டுமானால் சதுர மீட்டருக்குத் தினம் சுமார் 4 யூனிட் செலவாகும்.

ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 160 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,120 ரூபாய். நூறு நாளில் 1,12,000 ரூபாய். அந்த ஒரு சென்டில் விளையும் நெல் 25 அல்லது 30 கிலோ!

நெல்லை விட்டுவிடுவோம். கீரையை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் 25 நாள் வளர்த்தாலும், சதுர மீட்டருக்கு 33 யூனிட், அதாவது சுமார் 230 ரூபாய் ஆகும். அதில் 2 கிலோ கிடைத்தால், மின்சாரத்துக்கு மட்டும் கிலோவுக்கு 115 ரூபாய். விளக்கின் சூட்டை வெளியேற்றும் ஏ.சி. செலவு தனி. விதை, ஆள்கூலி, வட்டி தனி. பம்பு செட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தை இதற்குத் திருப்புவதும் கூடாது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பவரி நிறுவனம் 2024-இல் மூடப்பட்டது. 2022-இல் எரிசக்தி விலை ஏறியபோது, நெதர்லாந்தின் கண்ணாடிக்கூட விவசாயிகள் பலர் விளக்குகளை அணைத்தனர். வெயில் குறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

விளக்கே வேண்டாம் என்பதல்ல. திசு வளர்ப்புக் கூடங்களுக்கு அது தேவை. சாமந்தி, இரவு நீண்டால் பூக்கும் பயிர். இரவில் சில மணி நேரம் மங்கலான வெளிச்சம் காட்டினால் பூப்பது தள்ளிப்போகும்; செடி நன்கு வளர்ந்தபின், சந்தைக்கு ஏற்ற காலத்தில் பூக்க வைக்கலாம். இங்கே விளக்கு பயிருக்கு உணவல்ல, சைகை மட்டுமே. ஆகவே செலவும் குறைவு.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தை அடுத்த ஊர் பழையசீவரம். ஆனாலும் ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணலே தெரிகிறது. இங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை; தண்ணீருக்குத்தான் பஞ்சம். விளக்கில் ஒரு யூனிட் எரித்தால், ஒரு சதுர மீட்டருக்குக் கால் நாள் வெயில்தான் கிடைக்கும். அதே யூனிட், 40 சதவீதத் திறனுள்ள பம்பில் 30 அடி ஆழத்திலிருந்து சுமார் 15 ஆயிரம் லிட்டர் நீர் இறைக்கும். திறன் 20 சதவீதமானால் இறைப்பும் பாதியாகும்.

ஆகவே, கையில் பணம் இருப்பவர் முதலில் பம்பைச் சோதிக்கட்டும். கிணற்றின் ஆழத்துக்குப் பொருந்தாத மோட்டாரையும், குறுகலான குழாயையும், அடைத்துக்கொண்ட புட்வால்வையும் மாற்றட்டும். சொட்டுநீர் போடட்டும். கோடையில் கீரைக்கும் நாற்றுக்கும் நிழல்வலை கட்டட்டும். இங்கு வெயிலைத் தணிக்கத்தான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. வெயிலை விலைக்கு வாங்க அல்ல.